ரயிலை நிறுத்தாமல் நிலையத்தை மாற்றிய கதை

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்குப் போகிறவர்கள் நட்சத்திரங்கள் தீட்டிய கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். நடுமண்டபத்தில் நிற்கும் நாலு முகக் கடிகாரத்தின் அருகே படம் எடுத்துக்கொள்வார்கள். பயண நூல்களும் அவற்றைத்தான் பாடுகின்றன. மண்டபம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரியம் தரைக்குக் கீழே நடந்தது. 1903-ல் தோண்ட ஆரம்பித்து 1913-ல் திறப்பு விழா காணும்வரை பத்து ஆண்டுகள், பழைய நிலையத்தையும் அதன் யார்டையும் சுத்தமாகப் பெயர்த்தெடுத்துவிட்டு, அதே இடத்தில் பூமிக்குள் இரண்டு தளங்களாகப் புதிய நிலையத்தை அமைத்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளிலும் ரயில் போக்குவரத்து நிற்கவில்லை.

அதே காலத்தில் போட்டி நிறுவனமான பென்சில்வேனியா ரயில்வேயும் அதே நகரத்தில் ஒரு மாபெரும் நிலையம் கட்டியது. அவர்கள் வீடுகளை விலைக்கு வாங்கி, இடித்து, ரயிலே வந்திராத புது இடத்தில் கட்டினார்கள். தொந்தரவில்லாத வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் காலை 8 மணி வண்டியை எந்த பிளாட்பாரத்துக்கு விடுவது என்ற கவலை அவர்களுக்கு இல்லை. கிராண்ட் சென்ட்ரலைக் கட்டிய நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேக்கு இருந்த பிரச்சினையே அதுதான்.

இடத்தின் அமைப்பு தெரிந்தால்தான் சிக்கல் புரியும். 1871-ல் திறந்த பழைய நிலையம் மன்ஹாட்டனின் 42-ம் தெருவில் இருந்தது. அதற்கு வடக்கே தெரு மட்டத்தை ஒட்டி, திறந்தவெளியில் யார்டு. வடக்கிலிருந்து வரும் எல்லா ரயில்களும் பார்க் அவென்யூவுக்குக் கீழே உள்ள சுரங்கத்தில் நான்கே லைன்களில் வந்து, யார்டின் வாயில் பல லைன்களாகப் பிரிந்து பிளாட்பாரங்களை அடையும். எல்லாம் நீராவி எஞ்சின்கள். சுரங்கத்துக்குள் புகையும் ஆவியும் மண்டிக் கிடக்கும். டிரைவர் கண்ணுக்கு சிக்னல் தெரிந்தால் அது அவர் அதிர்ஷ்டம்.

1902 ஜனவரி 8 அன்று காலை அந்த அதிர்ஷ்டம் கைவிட்டது. ஒயிட் பிளெயின்ஸ் என்ற புறநகரிலிருந்து வந்த ரயில் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து, டான்பரி என்ற ஊரிலிருந்து வந்து சுரங்கத்தில் நின்றுகொண்டிருந்த ரயிலின் பின்புறத்தில் மோதியது. 15 பேர் அங்கேயே இறந்தார்கள். நகரம் கொதித்தது. மறு ஆண்டே மாநில சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது: 1908 ஜூலை 1-க்குப் பிறகு மன்ஹாட்டனுக்குள் நீராவி ரயில் வரக் கூடாது.

சட்டம் வருமுன்பே ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் வில்லியம் வில்கஸ் கணக்குப் போட்டு முடித்திருந்தார். 1902 டிசம்பரில் அவர் நிறுவனத்தின் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் முழுத் திட்டமும் இருந்தது. மின்சார எஞ்சினுக்குப் புகை கிடையாது. புகை இல்லையென்றால் லைனுக்கு மேலே வானம் தேவையில்லை. வானம் தேவையில்லையென்றால் லைன்களை ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு தளங்களில் போடலாம்: மேலே தொலைதூர ரயில்கள், கீழே புறநகர் ரயில்கள். அதற்கும் மேலே மூடி போட்டு, அந்த மூடியின் மேல் கட்டடம் எழுப்பும் உரிமையை வாடகைக்கு விடலாம். நிலத்தின் மேலுள்ள வெறும் காற்றை விற்றுச் செலவை ஈடுகட்டும் யோசனை இது. நிர்வாகம் ஒப்புக்கொண்டது என்றால் அதற்குக் காரணம் இந்தக் கடைசி வரிதான் என்பது என் எண்ணம்.

கிழக்கிலிருந்து மேற்காக

இனி எப்படித் தோண்டுவது? யார்டு முழுவதையும் ஒரே மூச்சில் தோண்டினால் ரயில்களுக்கு இடமில்லை. பாதியை மூடிவிட்டுப் பாதியில் ஓட்டலாம் என்றால், இருக்கும் லைன்களே போதாமல் திணறிக்கொண்டிருந்த நிலையம் அது.

வில்கஸின் ஆட்கள் யார்டை வடக்கு தெற்காக நீண்ட பட்டைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பட்டையையும் ஒரு 'கடி' என்று அழைத்தார்கள். முதல் கடி பழைய யார்டுக்குள்ளேயே இல்லை. அதற்கு வெளியே, கிழக்கே லெக்சிங்டன் அவென்யூ பக்கம் இருந்தது. அங்கிருந்த வீடுகளை வாங்கி இடித்து, பாறையைக் குடைந்தார்கள். ஓடும் ரயில் எதையும் தொடாமலேயே வேலை தொடங்கிவிட்டது. அந்தப் பள்ளத்தில் எஃகுத் தூண்களை நிறுத்தி, தளம் அமைத்து, தண்டவாளமும் பிளாட்பாரமும் போட்டு, சிக்னலை இணைத்து, வடக்கே சுரங்கத்திலிருந்து வரும் லைன்களோடு சேர்த்தார்கள். புது லைன்கள் பயன்பாட்டுக்கு வந்ததும், அதே எண்ணிக்கையில் பழைய லைன்களைக் கைவிட முடிந்தது. கைவிட்டவற்றின் கீழே அடுத்த கடி. அது முடிந்ததும் அதற்கு மேற்கே அடுத்தது. இப்படியே கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்து, மேடிசன் அவென்யூ பக்கம் போய் முடித்தார்கள். குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் சாமான்களை அறை அறையாக நகர்த்துவார்களே, அதே வழிதான். இங்கே நகர்ந்த சாமான் நாள்தோறும் வந்து போகும் நூற்றுக்கணக்கான ரயில்கள்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. உண்மையான தலைவலி லைன்கள் சேரும் வாயில்தான். பிளாட்பாரத்தை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் எல்லா லைன்களும் திரும்ப வந்து அதே நான்கு லைன்களில்தான் சேர வேண்டும். பழைய லைன்கள் உயரத்தில், புதியவை பள்ளத்தில். இரண்டும் ஒரே சமயத்தில் ஓட வேண்டுமானால் தற்காலிகச் சரிவுகள் வேண்டும். ரயிலை ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்டுகளை மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சிக்னலின் பூட்டுமுறையைத் திருத்த வேண்டும். எந்த பாயிண்டு எந்தப் பக்கம் இருந்தால் எந்த சிக்னல் பச்சை காட்டலாம் என்று கட்டிப்போடும் ஏற்பாடு அது. அதில் பிழை நேர்ந்தால் 1902 திரும்பி வரும்.

தோண்டியது மண்ணை அல்ல, மன்ஹாட்டனின் கெட்டிப் பாறையை. வெடிவைத்துத்தான் உடைக்க வேண்டும். பக்கத்து லைனில் பயணிகளோடு ரயில் போய்க்கொண்டிருக்கும். உடைத்த பாறையையும் ரயிலில்தான் வெளியேற்றினார்கள். பயணிகள் ரயில்களுக்கே இடம் போதாத லைன்களில் கல் ஏற்றிய வண்டிகளும் முறைபோட்டு நுழைய வேண்டியிருந்தது. பழைய யார்டு சுமார் 23 ஏக்கர். புதியது இரு தளங்களையும் சேர்த்து ஏறத்தாழ 70 ஏக்கர் என்றால், வெளியே போன கல்லின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கு நடுவே பழைய நிலையத்தின் ரயில் கொட்டகையையும் அகற்ற வேண்டியிருந்தது. இரும்பும் கண்ணாடியுமாக, சுமார் 200 அடி அகலத்தில் தூணே இல்லாமல் வளைந்து நின்ற கூரை அது. கட்டிய காலத்தில் அமெரிக்காவே வியந்து பார்த்தது. 1908-ல் அதைப் பிரித்தார்கள். கொட்டகைக்குள் ஒரு நகரும் மரச் சாரத்தை எழுப்பி, வளைவு வளைவாகக் கழற்றிக்கொண்டே சாரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் கீழே ரயில்கள் வந்து போயின. லெக்சிங்டன் அவென்யூவில் இருந்த கிராண்ட் சென்ட்ரல் பேலஸ் என்ற கண்காட்சிக் கட்டடம் தற்காலிக நிலையமாகியது. 1910 ஜூன் 5 நள்ளிரவில் பழைய நிலையத்தின் கடைசி ரயில் கிளம்பியது. உடனே இடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கொடுத்த விலை

எல்லாம் திட்டப்படி நடந்ததாக நினைக்க வேண்டாம். 1906 இறுதியில் மின்சார ரயில்கள் ஓட ஆரம்பித்தன. 1907 பிப்ரவரியில் பிராங்க்ஸ் பகுதியில் உட்லான் அருகே ஒரு மின்சார ரயில் தடம் புரண்டு, இருபது பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அந்த ஆண்டே வில்கஸ் பதவி விலகினார். தான் கனவு கண்ட நிலையம் திறந்த நாளில் அவர் அந்த நிறுவனத்தில் இல்லை. 1910 டிசம்பரில், வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் ரயில் பெட்டிகளின் விளக்குக்கான எரிவாயு கசிந்து வெடித்ததில் மேலும் உயிர்கள் போயின. மண்டபத்தைப் புகழும் நூல்கள் இவற்றுக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

புதிய நிலையம் 1913 பிப்ரவரி 2 அன்று திறந்தது. மொத்தச் செலவு சுமார் 8 கோடி டாலர் என்பார்கள். காற்றை விற்கும் கணக்கு பலித்தது. புகை கக்கிய யார்டு இருந்த இடத்தில் பார்க் அவென்யூ நகரத்தின் விலையுயர்ந்த தெருக்களில் ஒன்றானது. 1931-ல் திறந்த வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலுக்கு அடித்தளம் என்று சொல்லத்தக்க நிலம் கிடையாது. அதன் தூண்கள் தண்டவாளங்களுக்கு இடையே கிடைத்த இடைவெளிகளில் பாறைவரை இறங்குகின்றன. 2025-ல் திறந்த ஜேபிமோர்கன் வங்கியின் தலைமையகமும் அப்படித்தான். அறுபது மாடிக் கோபுரம் தெருமட்டத்தில் சில இடங்களில் மட்டும் காலூன்றி, அங்கிருந்து தூண்கள் சாய்ந்து விரிந்து மேலே போவதைப் பார்க்கலாம். பார்ப்பவர்கள் கட்டடக் கலைஞரின் கற்பனை என்று நினைக்கிறார்கள். கீழே ரயில் தளம் இருப்பதால், நினைத்த இடத்தில் தூண் இறக்க முடியாது, அதுதான் விஷயம்.

இன்று அந்த மூடிக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. பார்க் அவென்யூவில் பெய்யும் மழையும், பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும் கசிந்து இறங்கி, எஃகையும் கான்கிரீட்டையும் அரித்திருக்கின்றன. நியூயார்க் பெருநகரப் போக்குவரத்து ஆணையம் இப்போது அந்தக் கூரையைப் பெயர்த்துப் புதிதாக்கி வருகிறது. தெருவைப் பகுதி பகுதியாகத்தான் திறக்கிறார்கள். கீழே ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.