விழிஞ்ஞத்தின் பங்குக் கணக்கு

ராஜாக்கள் கைப்பற்றினார்கள், இப்போது ராட்சதக் கப்பல்கள் வருகின்றன. நடுவில் ஊர்க்காரர்கள் தாங்களே கட்டி நடத்திய அமைப்புகளின் கதையைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

கடலுக்குப் போன படகு கரை திரும்பியதும் மீன் ஏலம் போகிறது. வந்த பணத்தில் முதலில் எண்ணெய், இரை, ஐஸ், சாப்பாடு என்று செலவு கழியும். மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் ஒரு பகுதி. மீதி, படகில் போனவர்களுக்குள் பிரியும். விகிதம் ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். ஆனால் கன்னியாகுமரிக் கரையிலும் சரி, திருவனந்தபுரத்துக் கரையிலும் சரி, நாட்டுப்படகுகளில் அடிப்படை விதி ஒன்றுதான்: கூலி கிடையாது, பங்கு உண்டு. மீன் பட்டால் எல்லோருக்கும் காசு. படாவிட்டால் எல்லோருக்கும் பட்டினி.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுமார் 16 கி.மீ. தொலைவில், கோவளத்தை ஒட்டி இருக்கிறது விழிஞ்ஞம். இந்தப் பங்கு விதி இங்கே ஒரு முறை மீன்பிடிப்போடு சம்பந்தமே இல்லாத ஒரு போராட்டத்தைத் தாங்கிப் பிடித்தது.

விழிஞ்ஞத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள ஊர் வெங்ஙானூர். அங்கே 1863-ல் ஒரு புலையர் குடும்பத்தில் பிறந்தவர் அய்யன்காளி. பொதுப்பாதையில் நடக்கவே உரிமை இல்லாத சமூகத்தைச் சேர்ந்த அவர், 1893-ல் வில்லுவண்டி பூட்டி அந்தப் பாதையில் ஓட்டிக்கொண்டு போனதைக் கேரளத்தில் பள்ளிக் குழந்தைகளும் அறிவார்கள். தமிழ்நாட்டில் அவ்வளவாகத் தெரியாத சங்கதி அதற்குப் பிறகு நடந்தது. தம் மக்களின் பிள்ளைகளுக்காக வெங்ஙானூரில் அவர் ஒரு கொட்டகைப் பள்ளி போட்டார். அது தீக்கிரையானது. மறுபடி எழுப்பினார்கள். 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்க மேல்சாதியினர் மறுத்தபோது அவர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: பள்ளியில் இடமில்லை என்றால் உங்கள் வயலில் எங்கள் கை இறங்காது.

வயல்கள் தரிசாகக் கிடந்தன. புல் முளைத்தது. ஆனால் தரிசு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிலக்காரன் ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கலாம். அன்றாடம் கூலி நெல்லில் கஞ்சி குடித்தவன் எப்படி உட்காருவான்? அய்யன்காளி கடற்கரைக்குப் போனார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய டி.எச்.பி. செந்தாரச்சேரி போன்றவர்கள் பதிவு செய்திருப்பது இது: ஒவ்வொரு படகிலும் வேலைநிறுத்தக்காரர் ஒருவரை ஏற்றிக்கொள்வது, பிடித்த மீனில் அவருக்கும் பங்கு தருவது என்று விழிஞ்ஞம் பகுதி மீனவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

சேற்றில் நாற்று நட்டவர்கள் கட்டுமரத்தில் ஏறி என்ன செய்திருப்பார்கள் என்று கேட்கத் தோன்றும். பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது. மீனவர்கள் அதைக் கணக்குப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம். அந்தக் கரையில் தானம் என்று ஒன்று தனியாகத் தேவைப்படவில்லை. படகில் ஓர் ஆள் கூடினால் பங்கில் ஓர் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான். வேலைநிறுத்தம் நீண்டு, கடைசியில் மத்தியஸ்தம் மூலம் முடிவுக்கு வந்தது. அய்யன்காளி 1911-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூருக்கே வந்தபோது, கண்ணை மூடுவதற்குள் தம் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்த்துவிட வேண்டும் என்று அவரிடம் சொன்னாராம். 1941-ல் இறந்தார்.

இந்தப் பகுதியில் கல்விக்கூடத்தின் கதை அய்யன்காளிக்கு ஆயிரம் ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது.

<b>செப்பேட்டில் ஒரு நிலமாற்று</b>

கல்வெட்டுத் தமிழில் இவ்வூர் 'விழிஞம்'. இன்னொரு 'ஞ்' மலையாளம் கொடுத்தது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய வள்ளல் ஆய் அண்டிரனை நினைவிருக்கலாம். பொதியில் மலையை ஆண்ட அந்த ஆய் குடியின் பெயரைத் தாங்கிய பிற்கால அரசர்களின் கோட்டையும் துறையும் விழிஞம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் இதை அழித்ததாக ஸ்ரீவரமங்கலச் செப்பேடு சொல்கிறது. கடலையே அகழியாகக் கொண்ட இதை ராஜராஜ சோழனின் படை வென்றதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. முதலாம் குலோத்துங்கன் அழித்ததைக் கலிங்கத்துப்பரணி சொல்கிறது. பாண்டியரும் சோழரும் திரும்பத் திரும்ப இடித்த ஊர் என்றால், திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது என்று அர்த்தம். இன்று ஊருக்குள் கண்ணில் படும் அக்காலத்துச் சின்னம் சின்னஞ்சிறு குடைவரைக் கோயில் ஒன்று. வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி உள்ளே. வெளிப்பாறையில் சிற்பி பாதியில் விட்டுப்போன சிவன் உருவங்கள்.

போர்களை விட ருசியான ஆவணம் ஒன்று உண்டு. ஆய் அரசன் கருநந்தடக்கன் கி.பி. 866-ல் வெளியிட்ட செப்பேடு அது; திருவனந்தபுரம் ஹுசூர் கச்சேரியில் இருந்ததால் ஹுசூர் ஆபீஸ் செப்பேடு என்றே பெயராகிவிட்டது. அரசன் ஒரு விஷ்ணு கோயிலும் சாலையும் அமைக்க விரும்புகிறான். சாலை என்றால் இங்கே ரோடு அல்ல, கல்விக்கூடம். அவன் விரும்பிய நிலம் முஞ்சிறைச் சபையாருடையது. அரசன்தானே, எடுத்துக்கொள்ளவில்லை. சபைக்கு வேறு நிலம் கொடுத்து, மாற்றாக இதைப் பெற்று, கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் என்று பெயர் வைக்கிறான். முஞ்சிறையும் பார்த்திவபுரமும் 1956-ல் தமிழ்நாட்டுக்கு வந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கின்றன.

சாலையில் 95 பேருக்கு இடம். மூன்று வேதப் பிரிவுகளுக்கு 45, 36, 14 என்று ஒதுக்கீடு. இலக்கணம், மீமாம்சை, புரோகிதம் தெரிந்திருக்க வேண்டும். மூன்று ராஜ்யங்களின் நடைமுறையும் அறிந்திருக்க வேண்டும். ஆயுதத்தோடு சபையில் உட்காரக் கூடாது. சண்டை போட்டால் தண்டம். இன்றைய எந்த ஹாஸ்டல் வார்டனும் பொறாமைப்படும் விதிகள். 95 இடங்களில் வயலில் இறங்கியவனுக்கோ வலை வீசியவனுக்கோ ஓர் இடமும் இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கணக்கைத் திருத்தத்தான் வெங்ஙானூரில் ஒருவர் வயல் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது.

<b>கோயிலும் தரகனும் சங்கமும்</b>

பிரான்சிஸ் சேவியர் 1544 கடைசியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மீனவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கடிதம் எழுதினார். அதன் பிறகு இந்தக் கரையில் ஊர்ச்சபை, கருவூலம், பஞ்சாயத்து எல்லாமே கோயில்தான். தமிழ்க் கிறிஸ்தவர்களின் பேச்சில் ஒரு கோயிலுக்கு உட்பட்ட சபைக்கே 'பங்கு' என்று பெயர், மலையாளத்தில் 'இடவக'. தமிழ்ச் சொல் பொருத்தமானது. மீன் விலையில் ஒரு பகுதி கோயிலுக்குப் போகும். அதை வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவார்கள். எந்த வலையை இறக்கலாம், எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பதிலும் கோயிலின் சொல்லுக்கு எடை உண்டு. கரையின் இன்னொரு பகுதியில் முஸ்லிம் மீனவர்களுக்கு ஜமாஅத் அதே இடத்தில் நிற்கிறது. இரண்டு அமைப்புகளும் ஊருக்குப் பலம். இரண்டாகவே நின்றது ஊருக்குப் பலவீனம். 1995-ல் இரு சமூக மீனவர்களுக்கும் இடையே பெரும் மோதல் மூண்டது. படகில் புலையருக்குப் பங்கு கொடுத்த கரையும் இதுதான்.

கோயிலுக்குக் கொடுத்த பங்கை விட மீனவனை அரித்தது தரகன் எடுத்த பங்கு. முன்பணம் கொடுத்தவனே ஏலம் போடுவான். கடன் தீராது, மீனுக்கு விலையும் ஏறாது. இதற்கு மாற்று விழிஞ்ஞத்தில் அல்ல, திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாட்டில் பிறந்தது. அங்கே மீனவர்கள் தங்களுக்குள் சங்கம் அமைத்துத் தாங்களே ஏலம் போட்டார்கள். விற்ற பணத்தில் குறிப்பிட்ட சதவீதம் கடனுக்கு, இன்னொரு சிறு சதவீதம் கட்டாயச் சேமிப்புக்கு, ஒரு துளி சங்கத்துக்கு. மீன் படாத நாளில் தவணையும் கிடையாது. கடன் வசூல் என்பதையே பங்கு விதிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். வங்கி மேனேஜர்களுக்கு இது தோன்றியிருக்காது. இப்படிப்பட்ட சங்கங்கள் சேர்ந்து 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. அது கன்னியாகுமரி மாவட்டத்திலும் பரவியது.

இவற்றின் அருமை ஆபத்து வந்தபோது தெரிந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கடலில் இருந்தவர்களைச் சுற்றி வளைத்தது. யார் யார் போனார்கள், யார் திரும்பவில்லை என்ற பட்டியலை லத்தீன் மறைமாவட்டம் பங்கு வாரியாகத் தானே எடுத்தது. அதன் எண்ணிக்கையும் அரசின் எண்ணிக்கையும் பல நாள் ஒத்துப்போகவில்லை. எட்டு மாதம் கழித்து, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மத்திய கேரளம் மூழ்கியபோது, இதே மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆட்களை மீட்டார்கள்.

<b>பஞ்சாயத்து போனது, துறைமுகம் வந்தது</b>

கோயிலும் ஜமாஅத்தும் பாதி பாதி ஊருக்குத்தான் பேச முடியும். முழு ஊருக்கும் பேச ஒரு பஞ்சாயத்து இருந்தது. 2010-ல் ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, கழக்கூட்டம் ஆகியவற்றோடு விழிஞ்ஞமும் திருவனந்தபுரம் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டது. இதைச் சதி என்று சொல்ல வேண்டியதில்லை. நகரம் வீங்கியது, எல்லை நகர்ந்தது. ஆனால் சொந்தத் தலைவரும் சொந்த ஆபீஸும் கொண்ட ஊர் மாநகராட்சியின் சில வார்டுகளாகக் கரைந்துபோனது. அது நடந்து ஐந்து ஆண்டில், 2015 ஆகஸ்ட் 17 அன்று, கேரள அரசு அதானி நிறுவனத்துடன் துறைமுக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

துறைமுகத்துக்குக் காரணம் பாண்டியனையும் சோழனையும் இழுத்த அதே கடல். கரையருகிலேயே 18 முதல் 20 மீட்டர் வரை இயற்கையான ஆழம். சர்வதேசக் கப்பல் பாதை சுமார் 10 கடல் மைலில். 2024 ஜூலையில் முதல் பெரிய கன்டெய்னர் கப்பல் 'சான் ஃபெர்னாண்டோ' வந்தது. 2025 மே 2 அன்று பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கொழும்பில் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்த இந்தியச் சரக்கில் ஒரு பகுதி இனி இங்கேயே கைமாறும். நாட்டுக்கு லாபம்தான், சந்தேகமில்லை.

ஊரின் வாதம் வேறு. தென்மேற்குப் பருவத்தில் மற்றக் கரைகளில் படகு இறக்க முடியாதபோது, சுற்றுவட்டாரப் படகுகள் ஒதுங்கித் தொழில் செய்யும் இடம் விழிஞ்ஞம் விரிகுடா, கன்னியாகுமரிக்காரர்களும் வருவார்கள். துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரால் படகுத்துறையின் வாயில் ஆபத்தாகிவிட்டது, வலியதுறை வரை வடக்கே கரை அரிக்கிறது என்று மீனவர்கள் சொன்னார்கள். அரிப்புக்குக் காரணம் துறைமுகமல்ல என்றது அரசு. 2022 ஆகஸ்ட் 16 முதல் துறைமுக வாசலை மறித்த போராட்டம் மறைமாவட்டத்தின் தலைமையில் நடந்தது. கடற்கரை எதிர்த்தது, மேட்டுப்பகுதியில் துறைமுகம் வேண்டும் என்று இன்னொரு குழு பந்தல் போட்டது. நவம்பர் 27 இரவு போலீஸ் ஸ்டேஷன் தாக்கப்பட்டது. டிசம்பர் 6 அன்று போராட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது. வீடிழந்து முகாம்களில் கிடந்தவர்களுக்கு மாதம் ரூ. 5,500 வாடகை என்பது கிடைத்தவற்றில் ஒன்று. வேலையை நிறுத்தி ஆய்வு செய்ய வேண்டும் என்ற முக்கியக் கோரிக்கை கிடைக்கவில்லை. எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் உட்கார்ந்து பேச ஊருக்குப் பொதுவான மேஜை ஒன்று இருந்திருந்தால் விஷயம் அந்த நவம்பர் இரவு வரை போயிருக்குமா என்பது நியாயமான கேள்வி.

அர்ப்பணிப்பு விழா முடிந்து மூன்று வாரத்தில், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட 'எம்.எஸ்.சி. எல்சா 3' கப்பல் வழியில் சாய்ந்து, 2025 மே 25 அன்று மூழ்கியது. அதில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் கரையிலும் கன்னியாகுமரி கரையிலும் ஒதுங்கின. அபாயத்தில் இரண்டு மாநில மீனவர்களுக்கும் பங்கு கிடைத்துவிட்டது.

வருவாயில் பங்கு யாருக்கு என்பது காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. 40 ஆண்டுக்குத் துறைமுகத்தை நடத்துவது கம்பெனி. 2024 நவம்பரில் போட்ட துணை ஒப்பந்தப்படி அடுத்த கட்டங்களை 2028 டிசம்பருக்குள் முடிக்க வேண்டும். 2034 முதல் மாநில அரசுக்கு வருவாய்ப் பங்கு வரத் தொடங்கும். மத்திய அரசு கொடுத்த ரூ. 817.80 கோடி நிதிக்கு ஈடாக, மாநிலத்துக்கு வரும் அந்தப் பங்கில் 20 சதவீதம் டெல்லிக்குப் போகும். பங்கு பிரிவது இந்த மூன்று பேருக்குள்தான்.