ரிமோட்டை அமுக்கினாலும் லைட் எரியலையா? பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கல்லிடைக்குறிச்சி மாதிரி தாமிரபரணிக் கரை ஊர்களில் பழைய அக்ரஹார வீடுகள் ரயில் பெட்டி போல நீளமானவை. சுவரும் தடிமன். அங்கே ஸ்மார்ட் பல்பு மாட்டினால், ரேழியில் டக்குனு கேட்கும் ரிமோட் இரண்டாம்கட்டில் சில நேரம்தான் கேட்கும். ராத்திரி எழுந்து நடக்கும் பெரியவர்களுக்கு இது வெறும் எரிச்சல் இல்லை, தடுக்கி விழும் ஆபத்து.

முதலில் ரிமோட்டை பல்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அமுக்கிப் பாருங்க. அங்கேயும் எரியலைன்னா பேட்டரியைச் சந்தேகிக்கலாம். பட்டன் செல் பழசானால் மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டும், சிக்னல் அனுப்பும் நொடியில் படுத்துவிடும். புது செல் போட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

பக்கத்தில் எரிந்தால் சிக்கல் பாதையில். ஜிக்பீ ரிமோட்டுகள் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாமே அதே சந்தையில்தான் கத்துகின்றன. ரௌட்டரையும் ஹப்பையும் ஒன்றிரண்டு மீட்டராவது தள்ளி வையுங்க. வைஃபை சேனல் 1, ஜிக்பீ சேனல் 25 என்று வைத்தால் மோதல் நன்றாகவே குறையும்.

பலர் கவனிக்காதது சுவர் சுவிட்ச். பெரும்பாலான ஜிக்பீ பல்புகள் அடுத்த பல்புக்குச் செய்தி கடத்தும் தபால்காரர்கள். கூடத்து பல்பை பழக்கதோஷத்தில் சுவிட்சில் அணைத்தால் பின்கட்டுக்குப் பாதையே அறுந்துவிடும். ‘நேத்து வேலை செஞ்சுது, இன்னைக்கு செய்யல’ என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். நடுவில் எப்போதும் ஆனில் இருக்கும் ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் ஒன்று இருந்தால் பாதை நிற்கும்.

பாத்ரூம் லைட்டை மட்டும் பேசாமல் சாதா சுவிட்சிலேயே விட்டுடுங்க.