சைலன்சர் சுட்டால் முதல் இருபது நிமிடம்

எனது வலது கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. ஏழு வயதில் வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் இருந்து வலப்பக்கமாக இறங்கியபோது சைலன்சர் சுட்டது. உம்மா ஓடிவந்து பற்பசை பூசினார். பக்கத்து வீட்டு மாமி அதன் மேல் தேங்காய் எண்ணெய் தடவினார். காயம் சீழ் பிடித்து, ஆற ஒரு மாதத்துக்கும் மேல் சென்றது. தடித்துக் கறுத்த அடையாளம் இன்றும் அப்படியே இருக்கிறது.

சென்ற வருடம் எனது மகளுக்கும் ஏறத்தாழ அதே இடத்தில் சுட்டது. இன்று அந்த இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இரண்டு சூடும் ஒரே அளவு ஆழம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மகளின் காலில் முதலில் பட்டது தண்ணீர்.

சைலன்சரில் இருந்து காலை எடுத்த பின்பும் தோலுக்குள் சூடு தங்கி, கீழே கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அதை நிறுத்துவது ஓடும் குளிர்ந்த தண்ணீர்தான். 20 நிமிடங்கள் பிடிக்க வேண்டும். சுட்டு 3 மணித்தியாலங்களுக்குள் பிடித்தாலும் பலன் உண்டு. ஐஸ் வைக்கக் கூடாது, அது தோலை மேலும் கெடுக்கும். பற்பசையும் எண்ணெயும் சூட்டை உள்ளே அடைப்பதோடு, காயத்தின் ஆழத்தைப் பார்க்க டொக்டருக்கும் தடையாகின்றன. 20 நிமிடம் என்பது பிள்ளை அழும்போது மிக நீண்ட நேரம். ஐந்தாவது நிமிடத்திலேயே வீட்டில் எல்லோரும் "போதும், போதும்" என்றார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொப்புளத்தை உடைக்க வேண்டாம். முகம், கை, மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் சுட்டாலோ, சுட்ட இடம் வெளுத்து நோவே தெரியாமல் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோவில்லை என்பது நல்ல செய்தி அல்ல. நரம்பும் சேர்ந்து கருகியிருக்கலாம். ஏற்பு ஊசி போட்டு எவ்வளவு காலம் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

இரண்டு வாரங்களுக்குள் ஆறும் காயம் பெரும்பாலும் தடித்த தழும்பை விடாது. மூன்று வாரங்களைத் தாண்டினால் அந்த ஆபத்து கூடுகிறது. அதனால்தான் கிருமி தொற்றாமல் பார்ப்பது முக்கியம். "காயத்தைக் காற்றுப்பட விடு, காயட்டும்" என்று எமது வீடுகளில் சொல்வது தவறு. சுத்தமாகக் கழுவி, மெல்லியதாக வாஸ்லின் பூசி, மூடி வைத்த காயமே விரைவாக ஆறும். பொருக்கைப் பிய்ப்பது தழும்பைக் கேட்டு வாங்குவது போன்றது.

காயம் முழுமையாக மூடிய பிறகுதான் தழும்புக்கான வேலை தொடங்குகிறது. இதில் ஓரளவு ஆதாரம் உள்ளது சிலிக்கன் ஜெல்லுக்கும் சிலிக்கன் ஒட்டுக்கும்தான். ஒட்டு என்றால் நாளொன்றுக்கு 12 மணித்தியாலமாவது, குறைந்தது இரண்டு மூன்று மாதங்கள். எமது வெயிலில் வியர்த்துக் கழன்றுவிடுவதால் ஜெல் இலகு. புதிய தழும்பில் வெயில் பட்டால் கறுக்கும், துணியால் மறையுங்கள். தழும்பு முதிர்ந்து அடங்க ஒரு வருடம், சிலவேளை இரண்டு வருடம் செல்லும்.

விற்றமின் ஈ குளிசையை உடைத்துப் பூசும் பழக்கம் பலருக்கு உண்டு. 1999இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், அதைப் பூசியவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை ஏற்பட்டது, தழும்போ குறையவில்லை. பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிறீம்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்பு வேறு வகை. அதைக் கீலொயிட் என்பார்கள். காது குத்திய இடம், நெஞ்சு, தோள் ஆகியவற்றில் அதிகம் வரும். அதை வெட்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வளரும், சிலவேளை முன்னையதை விடப் பெரிதாக. தோல் வைத்தியரிடம் காட்டினால் சில வாரங்களுக்கு ஒருமுறை தழும்புக்குள்ளேயே ஸ்டீரொயிட் ஊசி போடுவார்.

மகளைக் காட்டப் போனபோது எனது காலையும் டொக்டரிடம் காட்டினேன். "நோவு, அரிப்பு இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப விடுங்க" என்றார்.