இன்சுலினோடு வாழ்தல்

நீரிழிவு என்னும் சொல்லைக் கேளாத வீடு இன்று தமிழ்நாட்டில் அரிது. தாத்தா காப்பியில் சர்க்கரை வேண்டா என்பதும், அத்தை உணவுக்குமுன் மாத்திரை தேடுவதும் மாணவர்களாகிய நீங்கள் நாள்தோறும் காணும் காட்சிகள். இவ்வாறு பழகிப்போனமையால், அந்நோயைப்பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் நம்மிடையே வேரூன்றிவிட்டது. உண்மையில் நீரிழிவு என்னும் ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு நோய்கள் வழங்கிவருகின்றன. அவற்றுள் ஒன்று, நாம் நன்கறிந்தது போலத் தோன்றி நம்மை ஏமாற்றவல்லது. வளர்ந்து, படித்து, தொழிலும் குடும்பமும் அமைந்தபின் ஒருவரைப் பற்றும் முதல் வகை நீரிழிவே அது. அதனைப்பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நாம் உண்ணும் சோறும் இட்லியும் பழமும் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தம் அதனை உடலெங்கும் கொண்டு செல்கிறது. எனினும், தசை முதலியவற்றின் உயிரணுக்களுக்குள் அச்சர்க்கரை போதிய அளவு புகுவதற்கு இன்சுலின் என்னும் சுரப்பு வேண்டும். இரைப்பைக்குப் பின்னே அமைந்த கணையத்தில், தீவுகள்போலச் சிதறிக் கிடக்கும் நுண்ணிய அணுத்திரள்கள் அதனைச் சுரக்கின்றன. அத்திரள்களை 1869-இல் முதன்முதல் விவரித்தவர், அப்போது மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானியர். இன்சுலின் இல்லாத உடல், நெல் நிறைந்த களஞ்சியம் பூட்டிக் கிடக்க, வீட்டார் பட்டினி கிடப்பதை ஒக்கும். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும், உயிரணுக்களோ பசித்திருக்கும். மிகுந்த சர்க்கரை, நீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீர் வழியே வெளியேறும். ஆதலால் தாகம் அடங்காது. உடல் நாளுக்குநாள் மெலியும்.

நம்மில் மிகப் பலருக்கு வருவது இரண்டாம் வகை நீரிழிவு. அவர்கள் உடலில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் அது செவ்வனே வேலை செய்வதில்லை, தேவைக்குப் போதுவதுமில்லை. உணவு ஒழுங்கும் உடற்பயிற்சியும் மாத்திரையும் பல ஆண்டுகள் அவர்களுக்குத் துணை நிற்கக்கூடும். முதல் வகையின் இயல்பு வேறு. நோய்க்கிருமிகளிடமிருந்து உடலைக் காக்க அமைந்த எதிர்ப்பாற்றலே, வேலியே பயிரை மேய்ந்தாற்போல, இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. இனிப்பை மிகுதியாக உண்டதனாலோ, உழைக்காமல் இருந்ததனாலோ இந்நோய் வருவதன்று. ஆதலின், இதனை உற்றவரைப் பார்த்து, “நாவைக் கட்டியிருந்தால் வந்திருக்குமா?” என்று கேட்பது அறியாமை மட்டுமன்று, கொடுமையும் ஆகும்.

முதல் வகை நீரிழிவு குழந்தைகளின் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. குழந்தைகளையும் இளையோரையும் அது பெரிதும் தாக்குவது உண்மையே. ஆனால் பிரிட்டனில் மரபணுச் சான்றுகளைக்கொண்டு நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு வேறொன்றையும் காட்டியது. 60 வயதுக்குள் முதல் வகை நீரிழிவு உற்றோருள், நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேருக்கு அது 30 வயதுக்குப் பின்னரே தோன்றியிருந்தது. அவ்வயதில் நீரிழிவு உறுவோருள் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர் ஆதலால், அப்பெருங்கூட்டத்தில் இச்சிலர் மறைந்துபோகின்றனர். மேலும், வளர்ந்தோரிடம் அணுக்களின் அழிவு மெல்ல மெல்ல நிகழ்வதும் உண்டு. அப்போது மாத்திரையே சில மாதங்கள் பயன் தருவதுபோலத் தோன்றி, உண்மையை மறைத்துவிடும்.

பிரிட்டனின் உள்துறை அமைச்சராக இருந்த தெரசா மே அவர்களுக்கு இவ்வாறே நேர்ந்தது. 2012-இல், தம் 56-ஆம் வயதில், அவர் நீரிழிவு உற்றிருப்பதாக அறிந்தார். முதலில் இரண்டாம் வகை என்று கருதி மாத்திரை கொடுத்தார்கள். அது பயன் தராமை கண்டு மீண்டும் சோதித்தபோதுதான் முதல் வகை என்பது புலனாயிற்று. நாள்தோறும் பலமுறை இன்சுலின் செலுத்திக்கொண்டே அவர் 2016 முதல் 2019 வரை அந்நாட்டின் தலைமை அமைச்சராகவும் பணியாற்றினார். ஆகவே, வளர்ந்த ஒருவர் காரணமின்றி விரைவாக மெலிகிறார், தாகமும் சோர்வும் நீங்கவில்லை, மாத்திரைக்கும் சர்க்கரை குறையவில்லை என்றால், “இது எந்த வகை?” என்று மருத்துவரிடம் கேட்கவேண்டும். அதனைத் தெளிவதற்கு இரத்தச் சோதனைகள் உள்ளன. காலந்தாழ்த்தினால் உடல் கொழுப்பை மிகுதியாகக் கரைக்க, கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் பெருகும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த விரைவான மூச்சு, மூச்சில் பழவாடை ஆகியவை அதன் அறிகுறிகள். அந்நிலையில் ஒரு மணி நேரமும் வீணாக்காமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இன்சுலின் கிடைப்பதற்கு முன்னும் பின்னும் இந்நோயோடு வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை இங்கே சொல்லுதல் தகும். 1892-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் பிறந்தவர் ராபின் லாரன்ஸ். லண்டனில் அறுவை மருத்துவம் பயின்றுவந்தார். 1920-இல் ஒரு நாள், பயிற்சிக்காக எலும்பை உளியால் செதுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு துணுக்குத் தெறித்து அவர் கண்ணைத் தாக்கியது. அதற்காக மருத்துவம் செய்யும்போதுதான் அவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. அக்காலத்தில் அதற்கு மருந்தில்லை. உணவைக் கடுமையாகக் குறைத்துச் சில காலம் உயிரை நீட்டிப்பதே வழி. கண்ணெதிரே தாம் சாவதைக் குடும்பத்தார் காணவேண்டா என்று கருதி, அவர் இத்தாலியில் உள்ள பிளாரன்ஸ் நகருக்குச் சென்று, அங்கு வாழ்ந்த ஆங்கிலேயருக்கு மருத்துவம் பார்த்துவந்தார்.

இதற்கிடையே, 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுக்கும் ஆய்வில் வெற்றி கண்டார்கள். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதல் செலுத்தப்பட்டது. 1923 மே மாதத்தில், உடல் நலிந்து கிடந்த லாரன்சுக்கு லண்டனிலிருந்து நண்பர் ஒருவரின் தந்தி வந்தது. இன்சுலின் கிடைத்திருக்கிறது, பயன் தருகிறது, விரைந்து வருக என்பது அதன் கருத்து. லாரன்ஸ் தம் காரிலேயே பல நாடுகளைக் கடந்து லண்டன் சேர்ந்தார். அம்மாதத்தின் கடைசி நாளில் முதல் ஊசி போட்டுக்கொண்டார். சாவை எதிர்நோக்கியிருந்த அவர் அதற்குப் பின் 45 ஆண்டுகள் வாழ்ந்தார். புகழ் வாய்ந்த நீரிழிவு மருத்துவரானார், மணம் செய்துகொண்டார், மக்களைப் பெற்றார். நீரிழிவுற்றோர்க்கும் மருத்துவர்க்கும் வழிகாட்டும் நூல் ஒன்றை 1925-இல் வெளியிட்டார். 1934-இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் அவர்களுடன் சேர்ந்து நீரிழிவுற்றோர்க்கென ஒரு சங்கத்தை நிறுவினார். 1968-இல் மறைந்தார்.

லாரன்சின் வாழ்வு நமக்குச் சொல்வது யாது? இன்சுலின், இழந்த ஒன்றுக்கு ஈடு என்பதே. நம் ஊர்களில், “ஊசி போடும் அளவுக்கு முற்றிவிட்டதா?” என்று கேட்கிறார்கள். முதல் வகை நீரிழிவில் இன்சுலின் கடைசிப் படியன்று, அதுவே முதற்படி. கண் மங்கியவர் கண்ணாடி அணிவதற்கு நாணுவதில்லை. இன்சுலின் செலுத்திக்கொள்பவரும் நாணவேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், எஞ்சியிருக்கும் அணுக்கள் சற்றே ஓய்வு பெற்று மீண்டும் ஓரளவு சுரப்பதுண்டு. ஊசியின் அளவு குறையும். சர்க்கரையும் கட்டுக்குள் நிற்கும். மருத்துவர்கள் இதனைத் தேனிலவுக் காலம் என்பர். இது சில மாதங்களிலோ, சற்றே கூடுதலான காலத்திலோ முடிந்துவிடும். அந்த இடைக்காலத்தில் யாரேனும் ஒரு சூரணத்தையோ கசாயத்தையோ கொடுத்தால், நோய் அதனாலேயே நீங்கியதாக நம்பி ஊசியை நிறுத்திவிட நேர்கிறது. அவ்வாறு நிறுத்துவது உயிருக்கே கேடாக முடியும். காய்ச்சலால் உணவு குறைந்த நாளிலும் இன்சுலினை அறவே நிறுத்தலாகாது. அளவை மாற்றுவது பற்றி மருத்துவரைக் கேட்கவேண்டும்.

இனி, அன்றாட வாழ்வைப் பார்ப்போம். நம் கணையம் நாம் அறியாமலே நொடிதோறும் போடும் கணக்கை, இந்நோயுற்றவர் தாமே போடவேண்டும். காலையில் இட்லி எத்தனை, மதியம் சோறு எவ்வளவு, மாலையில் நடப்பது எத்தனை நாழிகை, இரவு கண் விழிக்கவேண்டுமா என்பன எல்லாம் அக்கணக்கில் சேரும். விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தத்தைச் சோதிக்கலாம். தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை அறிவிக்கும் கருவியும் உண்டு. குழந்தை இக்கணக்கோடு வளர்கிறது. முப்பது வயதினரோ, முப்பது ஆண்டுப் பழக்கத்தை ஒரே வாரத்தில் மாற்றவேண்டியவராகிறார். நம் நாட்டில் இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு செறிவுகளில் விற்கப்படுகிறது. நூறு யூனிட் மருந்தை நாற்பதுக்குரிய ஊசிக்குழலில் எடுத்தால் அளவு இரண்டரை மடங்காகிவிடும்! கணக்கு, தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? இவ்வுழைப்பு வீண்போவதுமில்லை. முதல் வகை நீரிழிவுற்ற 1441 பேரைக்கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான ஆய்வு, சர்க்கரையைச் செவ்வையாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றுக்கு வரும் கேடு பெரிதும் குறையும் என்று நிலைநாட்டியது.

எத்துணைக் கவனமாக இருப்பினும் கணக்குத் தவறும் வேளையும் உண்டு. உண்டது குறைந்து, ஊசி மிகுந்துவிட்டால், இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும். உடல் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், சிந்தை தடுமாறும். இதனை நான் கற்றுக்கொண்ட முறை எனக்குப் பெருமை தருவதன்று.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் எங்கள் பள்ளியில் ஒரு கணித ஆசிரியர் இருந்தார், முப்பத்துநான்கு வயதினர், மெலிந்தவர். ஒரு நாள் மூன்றாம் பாடவேளையில் அவர் வகுப்பைக் கடந்து சென்றேன். பாடம் நடக்கவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார், முகமெல்லாம் வியர்வை. நான் கேட்டதற்குக் குழறிய விடை வந்தது. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டேன். மாணவர் முன்னிலையிலேயே கடிந்துரைத்தேன். அவர் மறுமொழி கூறாமல் சட்டைப்பையிலிருந்து குளுக்கோசுப் பொட்டலத்தை எடுத்து வாயிலிட்டார். அதனையும் நான் அவமதிப்பு என்றே கொண்டேன்.

அரை மணி நேரம் கழித்து அவர் என் அறைக்கு வந்தார். ஓராண்டுக்கு முன் தமக்கு முதல் வகை நீரிழிவு கண்டதையும், மாத்திரையிலேயே சில மாதங்கள் கழிந்து உயிர் பிழைத்ததே அரிதானதையும் அமைதியாகச் சொன்னார். “ஏன் தம்பி, முன்பே சொல்லவில்லை?” என்றேன். “வேலைக்குத் தகுதியற்றவன் என்று எண்ணிவிடுவார்களோ என்று அஞ்சினேன், ஐயா” என்றார். அவர் அஞ்சியது தவறன்று என்பதை அரை மணி நேரத்துக்கு முன் நானே மெய்ப்பித்திருந்தேன். மறுநாள் அதே வகுப்புக்குச் சென்று, மாணவர் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றுமுதல் ஆசிரியர் அறையில் ஒரு சர்க்கரை டப்பா வைக்கப்பட்டது. அவர் நோயை மறைக்கவுமில்லை; யாரும் அதனைப் பெரிதாகப் பேசவுமில்லை.

மாணவர்களே, உங்கள் ஆசிரியருக்கோ அண்ணனுக்கோ தோழிக்கோ இந்நோய் இருக்கலாம். அவர் வகுப்பின் நடுவே மிட்டாய் தின்றால் நகையாதீர்கள். அது அப்போது அவருக்கு மருந்து. சர்க்கரை தாழ்ந்தவர் விழிப்போடு இருந்தால், 15 கிராம் அளவு சர்க்கரையோ குளுக்கோசோ உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கச் செய்யுங்கள். நினைவிழந்திருந்தால் வாயில் எதனையும் ஊட்டாதீர்கள், மூச்சை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே மருத்துவ உதவியை அழையுங்கள். மற்ற வேளைகளில், “இதை உண்ணலாமா?” என்று அவரை ஓயாது கேட்டுக்கொண்டிராதீர்கள். அக்கணக்கை அவர் உங்களைவிட நன்கு அறிவார். ஒருவர் தம் நோயை அச்சமின்றிச் சொல்லக்கூடிய இடமாக உங்கள் வகுப்பும், நாளை நீங்கள் பணிபுரியும் அலுவலகமும் இருக்குமானால், அவர் சுமக்கும் பாரத்தில் ஒரு பகுதியை நீங்கள் இறக்கிவைத்தவர்கள் ஆவீர்கள்.