‘ஆஃப்’ படுத்தும் பாடு!

தாராவியில் குடியிருக்கும் நெல்லை மாவட்டத்து அன்பர் ஒருவர் அன்று வாடிய முகத்துடன் வந்து நின்றார். அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் வாசலில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மூலப்பொருள் வந்து சேரவில்லை. ஆகவே இன்னின்ன பிரிவுத் தொழிலாளர்கள் ‘லெய்ட் ஆஃப்’ என்பது அதன் சாரம். பக்கத்தில் நின்று படித்துச் சொன்ன இளைஞர், “வேலை போச்சு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சியும் மூட்டை முடிச்சைக் கட்டி, ஊருக்கு டிக்கெட் எடுக்கப் புறப்பட்டுவிட்டார். விடைபெறத்தான் நம்மிடம் வந்திருந்தார்.

“கொஞ்சம் பொறுங்கள் அண்ணாச்சி, உங்கள் வேலை போகவில்லை” என்று சொல்லி அவரை உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

படித்துச் சொன்ன இளைஞரையும் குறை சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் நிறுவனங்கள் ஆட்களை ‘லே ஆஃப்’ செய்தன என்று செய்தி வந்தால், அங்கே அவர்களுக்கு வேலை போய்விட்டது என்றுதான் பொருள். ஆனால் நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் அதன் பொருள் வேறு. மின்சாரம், நிலக்கரி, மூலப்பொருள் ஆகியவற்றின் பற்றாக்குறையாலோ, இயந்திரக் கோளாறு போன்ற காரணங்களாலோ தொழிலாளிக்குத் தற்காலிகமாக வேலை தர முடியாத நிலைதான் ‘லே ஆஃப்’. அவருடைய பெயர் வருகைப் பதிவேட்டில் அப்படியே இருக்கும். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் இப்படித்தான் சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது.

50 பேருக்குக் குறையாத தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலையில் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பாதி கிடைக்க வேண்டும். வேறு சில நிபந்தனைகளும் உண்டு. அவற்றுள் முக்கியமானது, தினம் ஒரு முறையேனும் குறித்த நேரத்தில் வேலைக்கு வந்து முகம் காட்ட வேண்டும் என்பது. அண்ணாச்சி அன்று ரயில் ஏறியிருந்தால் அந்தப் பாதிச் சம்பளமும் போயிருக்கும்!

மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லான ‘ஆஃப்’ செய்த வேலை இது.

அறிஞர்களும் கண்ட சிக்கல்

எளிய வினைச்சொல் ஒன்றின் பின்னால் ஆஃப், ஆன், அப், அவுட் போன்ற சிறு சொல் ஒட்டிக்கொண்டு புதிய பொருள் தருவதைத்தான் ‘ஃபிரேஸல் வெர்ப்’ என்கிறார்கள். லோகன் பியர்சால் ஸ்மித் 1925ல் வெளியிட்ட நூலில் இந்தப் பெயரைக் கையாண்டார். அதற்கு வெகு காலம் முன்பே, 1755ல் வெளிவந்த தம் புகழ்பெற்ற அகராதியின் முன்னுரையில், பிறமொழிக்காரர்களுக்கு மிகுந்த தொல்லை தருவது இதுவே என்று டாக்டர் ஜான்சன் எழுதிவிட்டார்.

ஆனால், தமிழர்களாகிய நாம் இதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. நம் மொழியிலும் இதே வித்தை உண்டு. ‘போடு’ என்பது ஒன்று. ‘தள்ளிப்போடு’ என்பது வேறொன்று. ஆங்கிலத்தில் ‘புட்’ என்றால் போடு. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. ‘கிவ்’ என்றால் கொடு. ‘கிவ் இன்’ என்றால் விட்டுக்கொடு. ‘லுக்’ என்றால் பார். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள். ‘லுக் ஃபார்வர்டு டு’ என்றால் ஆவலோடு எதிர்பார். விட்டுக்கொடு என்பதை ‘விட்டு’ என்றும் ‘கொடு’ என்றும் பிரித்து நாம் பொருள் தேடுகிறோமா? இல்லையே! முழுச் சொல்லாகத்தானே குழந்தைப் பருவத்தில் கற்றோம். ஆங்கிலத்தையும் அவ்வாறே கற்க வேண்டும்.

அன்றாட வாக்கியங்கள்

குடியிருப்புச் சங்கத்தின் கூட்டம் ‘புட் ஆஃப்’ ஆகியிருக்கிறது என்றால், இன்னொரு நாள் நடக்கும். ‘கால்டு ஆஃப்’ என்றால் கூட்டமே இல்லை, ரத்து. ‘புட் ஆன் யுவர் ஷூஸ்’ என்றால் செருப்பைப் போட்டுக்கொள். ‘புட் அவுட் தி ஃபயர்’ என்றால் நெருப்பை அணை. ‘ஐ கான்ட் புட் அப் வித் திஸ் நாய்ஸ்’ என்றால் இந்த இரைச்சலை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. எல்லாவற்றிலும் ‘புட்’ ஒன்றே. வால் மாறப் பொருள் மாறுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘புட் ஆஃப் தி மீட்டிங்’, ‘புட் தி மீட்டிங் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் மீட்டிங் என்ற இடத்தில் ‘இட்’ வந்தால் ‘புட் இட் ஆஃப்’ என்றே சொல்ல வேண்டும். ‘புட் ஆஃப் இட்’ தவறு. ‘லுக் ஆஃப்டர்’ போன்றவையோ பிரியவே மாட்டா. ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்பதுதான் சரி.

மாட்டுங்காவில் ‘கெட் டவுன்’ ஆகிறேன் என்றால் இங்கே யாருக்கும் புரியும். இங்கிலாந்துக்காரர் ரயிலிலிருந்து ‘கெட் ஆஃப்’ ஆவார். காரிலிருந்து ‘கெட் அவுட்’ ஆவார். மகன் கல்லூரிப் படிப்பை முடித்ததை ‘பாஸ்டு அவுட்’ என்று வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதினால், பையன் மயங்கி விழுந்தான் என்று நினைத்துக்கொள்ளக் கூடும்!

கடன் விஷயத்தில் கவனம்

சிரித்துவிட்டுப் போக முடியாத இடம் வங்கி. வாராக் கடனை வங்கி ‘ரைட் ஆஃப்’ செய்தது என்பதைத் தமிழில் ‘தள்ளுபடி’ என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் கடன் தொலைந்தது என்று எண்ணுகிறார். உண்மையில் அது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொள்ளும் மாற்றம். கடன் வாங்கியவரின் பொறுப்பு தீர்வதில்லை. வசூல் நடவடிக்கை தொடரலாம். கடனையே விட்டுக்கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் ‘வெய்வ்’ என்று பெயர். அதன் பின்னால் பலரும் சேர்க்கும் ‘ஆஃப்’ தேவையற்றது. அந்த வேண்டாத ‘ஆஃப்’தான் இரண்டையும் ஒன்று போலக் காட்டிக் குழப்புகிறது.

பிழைப்புக்காக வேற்று மாநிலம் வந்த நமக்கு, அறிவிப்பும் ஒப்பந்தமும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. நீண்ட கடினமான சொல் வந்தால் அகராதியைப் புரட்டுகிறோம். சின்னச் சொல் தெரிந்ததுதானே என்று தாண்டிவிடுகிறோம்; வழுக்கிவிடுவது அங்கேதான். ஆகவே வினைச்சொல்லைக் கண்டால் அதன் வாலையும் சேர்த்துப் படியுங்கள். வாக்கியமாகவே நோட்டில் எழுதிவைத்துப் பழகுங்கள். கையெழுத்துப் போடும் காகிதமானால், தெரிந்தவர் ஒருவரிடம் கேட்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

அண்ணாச்சி மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்குத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றார். கட்டிய மூட்டையை அவர் மனைவி அன்றிரவே பிரித்துவிட்டாராம்.