‘பார்ஜ் இன்’ என்றால் என்ன?

கண்டிப் பக்கம் ஹோட்டலுக்கோ கம்பெனிக்கோ வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் காதில் அடிக்கடி விழுகிற ஒரு ஆங்கிலச் சொல் ‘பார்ஜ் இன்’. ‘உள்ளே வருவது’ என்று மட்டும் மனப்பாடம் பண்ணினால் பாதி அர்த்தம்தான் கிடைக்கும். வருவதில் உள்ள முரட்டுத்தனம் விட்டுப்போகும்.

பார்ஜ் என்பது அடிப்பாகம் தட்டையான சரக்குப் படகு. நம் தேயிலைப் பெட்டிகள் ஒரு காலத்தில் கொழும்பு பேரை வாவியிலிருந்து துறைமுகத்துக்கு இந்த மாதிரிப் படகுகளில் போயிருக்கின்றன. பாரம் ஏற்றிய படகைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. எதிரே இருப்பதில் போய் மோதும். அப்படி மோதிக்கொண்டு வருகிற மாதிரி, கேட்காமல், கதவைத் தட்டாமல் திபுதிபுவென்று நுழைவதுதான் ‘பார்ஜ் இன்’.

தோட்டத்து ஆபீசில் பெரிய துரை யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார். வெளியே நிற்காமல் ஒருவர் நேரே உள்ளே போய்விட்டார். ‘ஹீ பார்ஜ்டு இன்’ என்பார்கள். துரைதான் சொல்லாமல் கொள்ளாமல் நம் காம்பராவுக்குள் நுழைந்தார் என்றாலும் அதே சொல்தான். ஆளைப் பார்த்து மாறுகிற சொல் இல்லை! அறையின் பெயரைச் சொல்லும்போது ‘பார்ஜ் இன்டு த ரூம்’ என்று வரும். கூட்டத்தையோ ஆளையோ சொல்லும்போது ‘பார்ஜ் இன் ஒன்’.

பக்கத்தில் இருக்கிற சொற்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பக்கத்து லயத்து அக்கா தேத்தண்ணி குடிக்கச் சும்மா எட்டிப் பார்த்தால் அது ‘ட்ரொப் இன்’. இருவர் பேசும்போது குறுக்கே வாய் போட்டால் ‘பட் இன்’. பூட்டை உடைத்து வந்தால் ‘பிரேக் இன்’.

‘ட்ரெஸ்பாஸ்’ என்பது வேறு. அது சட்டத்துச் சொல். நம்மவர்களுக்குப் பழக்கமான சொல்லும்கூட. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை 1940களில் அரசாங்கம் கிராமத்தவரைக் குடியேற்ற எடுத்துக்கொண்டது. தொழிலாளர்களைக் காம்பராவை விட்டுப் போகச் சொன்னார்கள். அவர்கள் போகவில்லை. 1946இல் இதற்காக வேலைநிறுத்தமும் நடந்தது. அத்துமீறி இருக்கிறார்கள் என்று கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1950இல் தொழிலாளர் பக்கமாகத் தீர்ந்தது. உடைமைக்காரருக்குத் தொந்தரவு என்பது மட்டும் போதாது, தொந்தரவு கொடுப்பதே முக்கிய நோக்கமாக இருந்தால்தான் அது குற்றம் என்றார்கள். இருக்க இடம் வேண்டும் என்று தங்கியிருந்தவர்களிடம் அந்த நோக்கம் இல்லை.

‘பார்ஜ் இன்’னுக்கு நோக்கம் பார்ப்பதில்லை. நல்ல காரியமாகப் போனாலும் நுழைந்த விதம்தான் கணக்கு. அதனால் நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளவும் இது உதவும். பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்து ஐயா கூட்டத்தில் இருக்கிறார், காத்திருக்க முடியாது. கதவைத் திறந்தவுடனே, ‘சொறி டு பார்ஜ் இன் லைக் திஸ்’ என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வரலாம். ‘இப்படித் திடீர்னு வந்ததுக்கு மன்னிச்சிக்கிங்க’ என்று பொருள். அவசரம் இல்லாவிட்டால் வாசலில் நின்று ‘மே ஐ கம் இன்?’ போதும்.