பரணில் கிடக்கும் லேப்டாப்புக்கு ஒரு வேலை!

கல்யாணப் பந்தியில் பரிமாறுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? கையில் சாம்பார் வாளி, தோளில் துண்டு. பந்தி முடியும் வரை உட்காரவே மாட்டார். எந்த இலையிலிருந்து குரல் வந்தாலும் உடனே போய் ஊற்றுவார். கம்ப்யூட்டர்களிலும் அப்படி ஒரு வகை உண்டு. அதற்கு ‘சர்வர்’ என்று பெயர். தமிழில் ‘வழங்கி’ என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்!

சர்வர் என்றதும் குளிரூட்டிய பெரிய கட்டடமும், அலமாரி அலமாரியாக அடுக்கிய இயந்திரங்களும் நினைவுக்கு வரும். அப்படியும் உண்டு. ஆனால், சாதாரணக் கம்ப்யூட்டரும் சர்வர் ஆகலாம். ‘யாராவது கேட்டால் எடுத்துக் கொடு’ என்று அதைக் காத்திருக்க வைக்கும் மென்பொருள் இருந்தால் போதும்.

பனமரத்துப்பட்டியில் என்னிடம் படித்த ஒரு தம்பியின் வீட்டில் அப்படி ஒன்று ஓடுகிறது. 2011-ல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது அல்லவா? லட்சக்கணக்கான வீடுகளுக்கு அது வந்தது. அவருக்கும் வந்தது. சில ஆண்டுகளில் திரையில் கோடு விழுந்தது, நாலைந்து பொத்தான்கள் வேலை செய்யவில்லை. பரணுக்குப் போய்விட்டது. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்தது. தம்பி குறுக்கே வந்து தடுத்துவிட்டார்.

ஸ்க்ரூ டிரைவரால் பின்பக்கத்தைத் திறந்தால், உள்ளே இருந்த குட்டி விசிறியில் பஞ்சுபோலத் தூசி! அதனால்தான் சூடேறி அடிக்கடி நின்றிருக்கிறது. பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்தார். ஹார்டு டிஸ்க்கைப் பார்த்தால், மறைந்த தாத்தாவின் புகைப்படங்கள் நான்கு இருந்தன. வேறெங்கும் அதற்குப் பிரதி கிடையாது. கடைக்குப் போயிருந்தால் எடைக்கு எடை போயிருக்கும். முதலில் அவற்றைப் பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்கினார். லேப்டாப் ஹார்டு டிஸ்க்கின் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். இத்தனை ஆண்டு சுழன்ற தட்டை நம்பி ஒரே ஒரு பிரதியை விட்டுவைக்கலாமா?

பிறகு ‘லினக்ஸ்’ என்ற இயங்குதளத்தைப் பதித்தார். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுக் கல்லூரி மாணவர் 1991-ல் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கியது அது. இன்று உங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு போனின் அடியாழத்தில் இருப்பதும் அதுதான். திரையில் கோடு விழுந்திருக்கிறதே என்கிறீர்களா? பரிமாறுபவர் சட்டையில் கறை இருந்தால் சாம்பார் ருசிக்காதா என்ன! அமைத்து முடித்த பிறகு சர்வருக்குத் திரையே தேவையில்லை.

அதில் என்ன வைத்திருக்கிறார்? தமிழ் விக்கிப்பீடியா முழுவதும்! 2003-ல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் உள்ளன. ‘கிவிக்ஸ்’ என்ற இலவச மென்பொருள் அத்தனையையும் ஒரே கோப்பாகக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள உதவுகிறது. ஒரு முறை இறக்கிவிட்டால் போதும், அதன் பிறகு இன்டர்நெட்டே வேண்டாம். வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. வைஃபை என்பது வீட்டுக்குள் ஓடும் வாய்க்கால். வெளியிலிருந்து வரும் இணைப்பு அறுந்தாலும் ரவுட்டருக்குக் கரன்ட் இருந்தால் அந்த வாய்க்கால் ஓடும். டேட்டா தீர்ந்த போனிலும் பிள்ளைகள் கட்டுரைகளைப் படிக்கிறார்கள். எங்கள் ஊர் ஏரி ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிநீர் கொடுத்தது. பிற்பாடு மேட்டூரிலிருந்து குழாய் வந்தது. தூரத்துக் குழாயும் வேண்டும், பக்கத்தில் தேக்கிய தண்ணீரும் வேண்டும்.

கரன்ட் பில்? நாமே கணக்குப் போடலாம். இது போன்ற லேப்டாப், திரையை அணைத்துச் சும்மா இருக்கும்போது 20 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். 24 மணி நேரத்துக்கு 480 வாட்-மணி. ஏறக்குறைய அரை யூனிட். மாதம் 15 யூனிட். இரவில் அணைத்தால் இன்னும் குறையும்.

தம்பியின் அப்பாயி வீடு பெருக்கும்போதெல்லாம் ‘வீணா எரியுதே’ என்று சுவிட்சை அணைத்துவிடுவாராம். அதனால் ‘இதை அணைக்காதீங்க அப்பாயி’ என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். சிரிக்காதீர்கள்! உலகளாவிய வலையின் முதல் சர்வரிலும் இதே மாதிரி ஒரு சீட்டு இருந்தது. 1990-ம் ஆண்டின் இறுதியில், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகே ‘செர்ன்’ ஆராய்ச்சி நிலையத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ என்பவரின் மேஜைக் கம்ப்யூட்டர்தான் அந்த வேலையைச் செய்தது. யாராவது அணைத்தால் உலகத்தின் வலைத்தளமே நின்றுவிடும்! ‘இது சர்வர், அணைக்காதீர்கள்’ என்ற பொருளில் சிவப்பு மையால் எழுதி ஒட்டி வைத்திருந்தார்கள்.

அதே சுவிட்சர்லாந்தில், லோசான் நகரத்தில் ஒரு தமிழர். வேதியியல் விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம். வேலை நேரம் போகக் கிடைத்த நேரத்தில் கம்ப்யூட்டருக்கு ‘மயிலை’ என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கியவர். 1998 பொங்கல் நாளில் அவர் முன்னின்று ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். திருக்குறளும் உண்டு, பொன்னியின் செல்வனும் உண்டு. எங்கள் ஊர் லேப்டாப்பிலும் அவை இப்போது இருக்கின்றன. என்னைக் கேட்டால், அதற்குள் இருப்பதிலேயே விலைமதிப்பு மிக்கது அதுதான் என்பேன். தம்பி விக்கிப்பீடியா என்பார்!

ஒரு எச்சரிக்கை. பழைய லேப்டாப்பைப் பெரியவர் இல்லாமல் திறக்கவே கூடாது. பாட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், நெருப்பில் எறியாதீர்கள். தீப்பிடிக்கும். பழுது பார்க்கும் கடையில் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு வேடிக்கை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண் இருக்கும். லட்சக்கணக்கான வீடுகளில் அதே எண்தான்! எப்படிக் குழப்பம் வராமல் இருக்கிறது? ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நம்பர் மாணவர் ஒருவர் இருக்கிறாரே, அது போலத்தான். வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண் அது. தம்பி வீட்டுப் பிள்ளைகள் போனில் அப்படி ஒரு எண்ணைத் தட்டித்தான் லேப்டாப்பைக் கூப்பிடுகிறார்கள். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் வீட்டு ரவுட்டரில் ஒரே எண் இருக்கிறது என்று நாளைக்கு எண்ணிப் பாருங்களேன்!